கடைசி சீட்டில் உட்கார்ந்து பார்த்துவிட்டு வண்டி எடுங்கள்

நான் தென்காசியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எங்கள் வீட்டில் ஏழு பேர்: அத்தை, மாமா, நாத்தனார், வீட்டுக்காரர், நான், பிள்ளைகள் இரண்டு பேர். கல்யாணமான நாளிலிருந்து வண்டியில் என் இடம் மூன்றாவது வரிசைதான். மடியில் பிள்ளை, காலடியில் பை என்று பல வருஷம் அப்படியே போய் வந்திருக்கிறேன். அதனால் ஏழு பேர் போகிற வண்டி வாங்கப்போகிற யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: ஷோரூமுக்குப் போனதும் ஸ்டியரிங் பக்கம் போகாதீர்கள், நேராகக் கடைசி சீட்டுக்குப் போங்கள்.

முன்பு எங்களிடம் கைமாறி வந்த பழைய வண்டி ஒன்று இருந்தது. நல்ல உயரம். பங்குனி உத்திரத்துக்குத் தேரிக்காட்டுப் பக்கம் உள்ள எங்கள் சாஸ்தா கோயிலுக்கு அதில்தான் போவோம். கடைசியாக அதில் போன வருஷம் அத்தைக்கு முட்டிவலி முற்றியிருந்தது. கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்தியதும் இறங்குவதற்காகக் காலைத் தொங்கப் போட்டார். கால் தரைக்கு எட்டவில்லை. கீழே மணல் வேறு, ஊன்றினால் வழுக்கும். இரண்டு தடவை முயன்று பார்த்துவிட்டு, "நீங்க போய் பொங்கல் வைங்க, நான் இங்கிருந்தே கும்பிட்டுக்கிறேன்" என்று சொல்லிவிட்டார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருந்தார். பொங்கல் பொங்கி நாங்கள் குலவை போட்டபோது வண்டியிலிருந்து அவர் குரலும் சேர்ந்து கேட்டது. எனக்கு அன்றைக்குத் தாங்கவில்லை. அடுத்த வண்டியை ஆளுக்கு அளவெடுத்துத்தான் வாங்குவது என்று அங்கேயே தீர்மானித்தேன்.

அளவெடுப்பதை வீட்டிலேயே தொடங்க வேண்டும். வீட்டில் யாருக்கு ஏறி இறங்கக் கஷ்டமோ அவரைச் சுவரோரமாக நிற்க வையுங்கள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரை ஓர் அளவு, பிட்டத்தின் அடிவரை ஓர் அளவு எடுங்கள். அத்தைக்கு முதலாவது 16 இன்ச், இரண்டாவது 27 இன்ச். சீட்டின் விளிம்பு இந்த இரண்டாவது அளவுக்குப் பக்கத்தில் இருந்தால், முதுகைக் காட்டி நின்று அப்படியே பின்னால் சாய்ந்து உட்காரலாம், பிறகு காலை உள்ளே எடுத்து வைத்தால் போதும். அதைவிட மிகவும் தாழ்ந்தால் எழும்போது முழு எடையும் முட்டியில் விழும். உயர்ந்தால் எங்கள் பழைய வண்டி கதைதான். கதவுக்குக் கீழே உள்ள படி விளிம்பையும் அளந்து கொள்ளுங்கள். சீட் சரியான உயரத்தில் இருந்தும் அந்த விளிம்பு அகலமாக இருந்தால், காலை எட்டிப் போட்டுத்தான் இறங்க வேண்டியிருக்கும்.

அப்புறம் வீட்டு கேட். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கடைசியில் நாங்கள் எடுத்த கியா கேரன்ஸின் அகலம் 1800 மில்லிமீட்டர், கிட்டத்தட்ட ஆறடி. நீளம் 4540, பதினைந்து அடிக்குச் சற்றுக் குறைவு. கம்பெனி சொல்லும் அகலத்தில் பொதுவாகப் பக்கக் கண்ணாடி சேராது. போர்ட்டிகோவில் வண்டியை நிறுத்திவிட்டுக் கதவைத் திறந்து வயதானவர் இறங்க இன்னும் இரண்டரை அடியாவது வேண்டும். நான் தரையில் சாக்பீஸால் வண்டி அளவுக்குக் கட்டம் போட்டு, அதைச் சுற்றி அத்தையை நடக்கச் சொல்லிப் பார்த்தேன். துளசி மாடத்தைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இனி வண்டியின் உடல் எப்படி என்று தெரிந்துகொள்வது நல்லது. பழைய கால ஏழு சீட் வண்டிகளில் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தனி, அதன்மேல் ஏற்றி வைத்த பாடி தனி. இழுப்பது பின்சக்கரம். 2016-இல் வந்த டொயோட்டா இன்னோவா கிரிஸ்டா அப்படிப்பட்டதுதான். 2022 கடைசியில் அறிமுகமான இன்னோவா ஹைகிராஸில் சேஸிஸும் பாடியும் ஒரே கட்டாக இருக்கும், இழுப்பது முன்சக்கரம். பெயர் ஒன்றாக இருந்தாலும் அடியில் இரண்டும் வேறு ஜாதி. முன்சக்கரம் இழுக்கும்போது இன்ஜினிலிருந்து பின்னால் போகும் நீளமான தண்டு தேவையில்லை, அதனால் உள்ளே தரையைத் தாழ்வாகவும் சமமாகவும் வைக்க முடிகிறது. வேன் போல உள்ளே இடம், ஜீப் போல வெளியே நிமிர்ந்த மூக்கு, அடியில் கொஞ்சம் உயரம். இதைத்தான் கிராஸ்ஓவர் என்கிறார்கள். மாருதி எர்டிகா, கியா கேரன்ஸ், ரெனோ டிரைபர் எல்லாமே இந்த ஒரே கட்டு வகைதான். முட்டிவலிக்காரர் இருக்கும் வீட்டுக்கு இந்த அமைப்பு பெரிய உதவி. தேரி மணலிலும் ஊர் ஸ்பீட் பிரேக்கரிலும் அடி தட்டாமல் இருக்க கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிக்கும் உள்ள இடைவெளி, எவ்வளவு என்று பாருங்கள். ஆனால் அது காலி வண்டியின் கணக்கு என்பது நினைவிருக்கட்டும். ஏழு பேரும் ஏறினால் பின்பக்கம் நன்றாகவே இறங்கும்.

சரி, கடைசி சீட்டுக்கு வருவோம். அங்கே போகும் வழியை முதலில் பாருங்கள். நம் ஊரில் ஏறுவது இடதுபக்கம், ரோட்டோரமாக. ஆகவே நடுவரிசையின் இடதுபக்க சீட் எப்படி விலகுகிறது என்பதுதான் முக்கியம். சில வண்டிகளில் அது முன்னால் நகரும், அவ்வளவுதான். சிலவற்றில் முதுகு மடிந்து, சீட்டே முன்னால் கவிழ்ந்து வழி விடும். கேரன்ஸில் ஒரு பட்டனைத் தொட்டால் கவிழ்கிற வசதி உண்டு. விற்பனையாளரைச் செய்து காட்டச் சொல்லாதீர்கள். சேலை கட்டிக்கொண்டு, ஒரு கையில் பையோடு நீங்களே ஏறிப் பாருங்கள். நான் அப்படித்தான் ஏறினேன். ஒரு வண்டியில் என் கொசுவம் சீட் தண்டவாளத்தில் மாட்டிக்கொண்டது. அந்த வண்டியை அங்கேயே தள்ளிவிட்டேன்.

குழந்தைக்குத் தனி சீட் பொருத்தினால் அதை இடதுபக்கம் வைக்காதீர்கள். வைத்தால் அந்த சீட் மடங்காது, பின்னால் இருப்பவர் இறங்க வழியில்லை. உட்கார்ந்த பிறகு கேட்க வேண்டிய இன்னொன்று: வெளியிலிருந்து யாரும் உதவாமல், கடைசி வரிசையில் இருப்பவரே எட்டி நடு சீட்டை மடக்கப் பட்டையோ லிவரோ இருக்கிறதா? அவசரத்துக்கு அதுதான் வழி.

நடுவில் தனித்தனி இரண்டு சீட் உள்ள ஆறு சீட் வண்டியும் உண்டு, மாருதி எக்ஸ்எல்6 மாதிரி. இடையில் உள்ள சந்து வழியாகப் பிள்ளைகள் சுலபமாகப் பின்னால் போய்விடும். நாங்கள் ஏழு பேர், அதனால் அது ஒத்துவரவில்லை. ஆறு பேர் குடும்பமென்றால் யோசிக்காமல் அதைப் பாருங்கள்.

கடைசி சீட்டில் உட்கார்ந்ததும் தொடையைக் கவனியுங்கள். அநேக வண்டிகளில் அங்கே தரை மேலே வந்திருக்கும், சீட் கீழே இருக்கும். முழங்கால் நெஞ்சுக்கு நேரே நிற்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது, மொத்தப் பாரமும் இடுப்பெலும்பில் இறங்கும். அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போகும். டேப்பை எடுத்துத் தரைக்கும் சீட் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு என்று பாருங்கள். எனக்கு முழங்கால் மடிப்பு வரை 17 இன்ச். சீட் 11, 12 இன்ச்சில் இருந்தால் திருச்செந்தூர் போவதற்குள் நான் நொந்துவிடுவேன். நடு சீட்டில் உயரமான ஒருவரை அவருக்கு வசதியாக உட்கார வைத்து, அதன் பிறகு உங்கள் முட்டிக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடு சீட்டை முன்னால் தள்ளிவிட்டு "பாருங்க மேடம், எவ்வளவு இடம்" என்று காட்டுவதை நம்ப வேண்டாம். ஹெட்ரெஸ்ட்டை மேலே இழுத்து, பின்கண்ணாடிக்கும் தலைக்கும் எவ்வளவு தூரம் என்பதையும் கையால் தடவிப் பாருங்கள்.

என் மகளுக்கு வண்டியில் வாந்தி வரும். கடைசி சீட் பின்சக்கரத்துக்கு மேலேயோ அதற்குப் பின்னாலேயோ இருப்பதால் தூக்கிப் போடுவதும் அலைவதும் அங்கேதான் அதிகம். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள தூரத்தை வீல்பேஸ் என்பார்கள். அது கூடினால் மூன்று வரிசையையும் சக்கரங்களுக்கு நடுவே கொஞ்சம் தாராளமாக அடுக்கலாம். டிரைபரில் 2636 மில்லிமீட்டர், எர்டிகாவில் 2740, கேரன்ஸில் 2780, ஹைகிராஸில் 2850. கடைசி ஜன்னலின் அளவும் முக்கியம். அழகுக்காக ஜன்னலின் அடிக்கோட்டைப் பின்னால் போகப் போக உயர்த்தி வரைந்திருப்பார்கள். வெளியிலிருந்து பார்க்கப் பாய்கிற மாதிரி தெரியும், உள்ளே இருக்கிற பிள்ளைக்கு வானம் மட்டும்தான் தெரியும். வெளியே ஓடும் ரோட்டைப் பார்க்க முடியாவிட்டால் குமட்டல் கூடும். எட்டு வயதுப் பிள்ளையை உட்கார வைத்து, வெளியே நிற்கிற உங்கள் முகம் தெரிகிறதா என்று கேளுங்கள்.

ஏசியை மத்தியானம் பன்னிரண்டு மணிக்குப் போய்ச் சோதியுங்கள். வெயிலில் நின்ற வண்டியில் ஏறி, கடைசி வரிசைக்குத் தனிக் காற்றுத்துளை இருக்கிறதா, இல்லை நடுவரிசைக் கூரையிலிருந்து வருவதுதான் பின்னாலும் வர வேண்டுமா என்று பாருங்கள். பத்து நிமிஷத்தில் உங்கள் கழுத்தில் காற்று பட வேண்டும். கூரைக் கண்ணாடி உள்ள மாடலில் தலைக்கு மேலே இடம் குறையலாம், உச்சி வெயிலும் இறங்கும். எங்கள் ஊர்ப் பக்கம் அதற்குப் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

டிக்கியை லிட்டரில் சொல்வார்கள். மூன்று வரிசையும் நிமிர்ந்திருக்கும்போது எர்டிகாவில் 209, கேரன்ஸில் 216, டிரைபரில் 84. டிரைபரின் கடைசி சீட்களைக் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம், அப்போது 625 ஆகும். நாலைந்து பேர் போகும் நாள்தான் அதிகம், ஏழு பேர் எப்போதாவது என்றால் அது அருமையான ஏற்பாடு. எங்களுக்கு ஏழு பேரும், பொங்கல் பானையும், கேஸ் அடுப்பும், தண்ணீர்க் கேனும் ஒரே நேரத்தில் போக வேண்டும். அதனால் பானையையும் அடுப்பையும் ஷோரூமுக்கே கொண்டு போனேன். வெட்கப்பட ஒன்றுமில்லை, லட்சக்கணக்கில் கொடுக்கப் போகிறோம். சிஎன்ஜி வண்டி என்றால் சிலிண்டர் டிக்கியில் உட்காரும், ஏழு பேரின் சாமானுக்கு இடம் தேட வேண்டிவரும்.

விலையிலும் அளவுக்கு வேலை உண்டு. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும், 1200 சிசிக்குள் பெட்ரோல் இன்ஜினோ 1500 சிசிக்குள் டீசல் இன்ஜினோ உள்ள காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டிய பெட்ரோல், டீசல் கார்களுக்கு 40. நாலு மீட்டருக்குச் சற்றுக் குறைந்த நீளமும் 999 சிசி இன்ஜினும் உள்ள டிரைபர் முதல் கணக்கில் வரும், எர்டிகா, கேரன்ஸ், ஹைகிராஸ் மூன்றும் வராது.

பாதுகாப்பு நட்சத்திரம் எத்தனை என்று கேட்கும்போது எந்த வருஷச் சோதனை என்றும் கேளுங்கள். வண்டிகளை மோதவிட்டுச் சோதிக்கும் குளோபல் என்கேப்பில் எர்டிகா 2019-இல் ஐந்துக்கு 3 நட்சத்திரம் வாங்கியது. சோதனை விதிகள் கடுமையான பிறகு 2024-இல் அதற்குக் கிடைத்தது 1. நாங்கள் எடுத்த கேரன்ஸ் 2022-இல் 3 வாங்கியது, அதுவும் முந்தைய விதிப்படிதான். எல்லா மாடலிலும் ஆறு ஏர்பேக் இருந்ததும் அத்தைக்கு ஏறி இறங்கச் சுலபமாக இருந்ததும் சேர்ந்துதான் எங்களை 2023-இல் அந்தப் பக்கம் சாய்த்தன. 2023 அக்டோபர் 1 முதல் நம் நாட்டுக்கே பாரத் என்கேப் வந்துவிட்டது. நீங்கள் பார்க்கும் வண்டிக்கு அதில் மதிப்பெண் வந்திருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏர்பேக் கடைசி வரிசை ஜன்னல் வரை விரிகிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவுக்கு ஏழு பேரும் போங்கள். இரண்டு பேரோடு எந்த வண்டியும் பறக்கும். நாங்கள் மலைப்பாதையில் உள்ள புளியரை எஸ் வளைவு வரை கொண்டு போகக் கேட்டோம். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். ஏசியைப் போட்டபடி ஏற்றத்தில் நிறுத்தி மறுபடி எடுக்கச் சொன்னேன். நான் கடைசி சீட்டில் இருந்தேன், முன்னால் பேசியது எனக்குக் கேட்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டேன். திரும்பி வந்து கீழே இறங்கியபோது அத்தை யார் கையையும் பிடிக்கவில்லை. காலை ஊன்றினார், கதவு விளிம்பைப் பிடித்தார், எழுந்து நின்றார். வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அதற்குமேல் எதையும் நான் அளக்கவில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த பிறகு, முழு ஆளோடு கிளம்பும் நாளில் இரண்டு வேலை உண்டு. பொதுவாக டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முழு பாரத்துக்கு டயரில் எவ்வளவு காற்று என்று அதில் தனியாகப் போட்டிருப்பார்கள், பின்டயருக்குப் பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். டயர் சூடாகும் முன்பே நிரப்புங்கள். பின்பக்கம் இறங்கினால் ஹெட்லைட் மேலே பார்க்கும், எதிரில் வருபவருக்குக் கண் கூசும். ஸ்டியரிங் பக்கத்தில் ஒளியைத் தாழ்த்தும் சின்னச் சக்கரம் இருந்தால் அதை ஓரிரு எண் திருப்பி வையுங்கள்.

பெல்ட் கடைசி சீட்டிலும் போட வேண்டும். பதினான்கு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்குப் பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் ஓட்டினால் அபராதம் 1000 ரூபாய். எங்கள் மகள் பெல்ட் கழுத்தில் உரசுகிறது என்றாள். அடியில் வைத்து உயர்த்துகிற பூஸ்டர் சீட் ஒன்று வாங்கிப் போட்டோம். இப்போது பெல்ட் தோளில் படிகிறது, ஜன்னலும் அவள் கண்ணுக்கு எட்டுகிறது.