அலுவலக இபிஏபிஎக்ஸில் பிஆர்ஐ இணைப்பை நிறுவும் முறை

முப்பது பேர் ஒரே நேரத்தில் வெளியே பேச வேண்டிய அலுவலகத்துக்கு முப்பது தனித்தனி இணைப்புகள் தேவையில்லை. அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகமான இபிஏபிஎக்ஸில் ஒரு பிஆர்ஐ, அதாவது ஒரே கேபிளில் பல அழைப்புகளைச் சுமக்கும் டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு, போதும். இந்தியாவில் அது ஈ1 வடிவில் வருகிறது. நொடிக்கு 2,048 கிலோபிட் வேகத்தில் ஓடும் ஓர் இணைப்பு, ஒவ்வொன்றும் 64 கிலோபிட் கொண்ட 32 டைம்ஸ்லாட்டுகளாக (நேரத் துண்டுகளாக) பகுக்கப்பட்டிருக்கும். அவற்றில் பூஜ்யமாவது ஃப்ரேமின் (32 டைம்ஸ்லாட்டும் ஒருமுறை வந்துபோகும் சுற்றின்) தொடக்கத்தைக் காட்டுவதற்கும், பதினாறாவது அழைப்புச் செய்திகளைச் சுமக்கும் டி சேனலுக்கும் போக, மீதமுள்ள 30 சேனல்களில் பேச்சையும் அனுப்பலாம், ஃபேக்ஸ் போன்ற தரவையும் அனுப்பலாம்.

முதலில் கேபிளைக் கவனிக்க வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் மோடம் 120 ஓம் ஆர்ஜே45 முனையைத் தருகிறதா, 75 ஓம் கோஆக்சியல் முனையைத் தருகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இபிஏபிஎக்ஸ் கார்டு வேறு வகையாக இருந்தால் இடையில் இரண்டையும் பொருத்தும் மாற்றியான பேலன் வேண்டும். ஆர்ஜே45 முனையில் 1, 2 பின்கள் ஒரு ஜோடி. 4, 5 பின்கள் மற்றொரு ஜோடி. கேபிளைச் செருகியும் சிக்னல் இல்லை என்ற அலாரம் அணையாவிட்டால், 1ஐ 4உடனும் 2ஐ 5உடனும் மாற்றிக் கட்டிய கிராஸ் கேபிளைப் போட்டுப் பாருங்கள்.

அமைப்புகளில் லைன் கோடு (சிக்னலைக் கம்பியில் அனுப்பும் குறிமுறை) ஹெச்டிபி3, குரல் குறியாக்கம் ஏ-லா, சிக்னலிங் யூரோ ஐஎஸ்டிஎன் என்று வையுங்கள். பிழையைக் கண்டறியும் சோதனையான சிஆர்சி4 இரு முனையிலும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். அலாரம் எதுவும் இல்லாதபோதும் டி சேனல் எழவில்லையென்றால், இபிஏபிஎக்ஸ் ‘யூசர்’ பக்கமாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும். தொலைபேசி நிறுவனத்தின் எக்ஸ்சேஞ்ச்தான் ‘நெட்வொர்க்’ பக்கம்.

பெரும்பாலோர் தவறவிடுவது கிளாக். இணைப்பின் இரு முனைகளும் ஒரே கடிகாரத்தில் ஓட வேண்டும். எனவே இபிஏபிஎக்ஸ் தன் சொந்தக் கிளாக்கை விட்டுவிட்டு, எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் இணைப்பின் கிளாக்கைப் பின்பற்றும்படி அமைக்க வேண்டும். இரண்டுக்கும் பத்து லட்சத்தில் ஒரு பங்கு வேறுபாடு இருந்தாலே 125 நொடிக்கு ஒரு முறை 125 மைக்ரோநொடி அளவுள்ள ஒரு முழு ஃப்ரேம் தொலைந்துபோகும், அல்லது இருமுறை வரும். இதை ஸ்லிப் என்பார்கள். பேசுபவரின் காதுக்கு அது ஒரு சிறு ‘டிக்’. பல நேரம் அதுவும் கேட்காது. ஃபேக்ஸுக்கோ பக்கமே பாழாகிவிடும். நான் அமைத்த ஓர் அலுவலகத்தில் கார்டின் விளக்கு பச்சையாகவே எரிந்தது, அழைப்புகளும் தெளிவாக இருந்தன. ஆனால் அனுப்பிய ஃபேக்ஸ் மட்டும் மூன்றாவது பக்கத்தின் நடுவில் நின்றது. இரண்டு நாள் ஃபேக்ஸ் இயந்திரத்தையே குறைசொல்லிக்கொண்டிருந்தோம். பிறகு ஸ்லிப் எண்ணியைத் திறந்து பார்த்தபோது அது கண்ணெதிரே ஏறிக்கொண்டிருந்தது. கிளாக் ‘இன்டர்னல்’ என்று இருந்தது. அதை மாற்றியதும் எண்ணி நின்றது.

இரண்டு நிறுவனங்களின் பிஆர்ஐ இருந்தால் ஒன்றை முதன்மைக் கிளாக்காகவும் மற்றதை அது அறுந்தால் எடுத்துக்கொள்ளும் மாற்றாகவும் வையுங்கள். இரு கிளைகளின் இபிஏபிஎக்ஸ்களை நேரடியாக ஈ1 வழியே இணைக்கும்போது ஒன்று கிளாக்கைத் தரும் மாஸ்டராகவும் மற்றது அதைப் பின்பற்றும் ஸ்லேவாகவும் இருக்க வேண்டும். வெளி பிஆர்ஐ உள்ள கிளையே மாஸ்டராக இருப்பது முறை.

உள்வரும் அழைப்பில் எக்ஸ்சேஞ்ச் எத்தனை இலக்கங்களை அனுப்புகிறது என்று கேட்டு, அதற்கேற்ப டிஐடி அட்டவணையை (எந்த எண்ணுக்கு வரும் அழைப்பு எந்த உள் தொலைபேசிக்குப் போக வேண்டும் என்பதை) எழுதுங்கள். உள்வரும் அழைப்புகளுக்கு எக்ஸ்சேஞ்ச் முதல் சேனலிலிருந்து மேலே பிடித்தால், வெளியே போகும் அழைப்புகளுக்கு நீங்கள் கடைசியிலிருந்து கீழே பிடியுங்கள். இருபுறமும் ஒரே சேனலில் மோதுவது குறையும்.

இணைப்பை ஏற்றுக் கையெழுத்திடும் முன் எண்ணிகளைப் பூஜ்யமாக்கி, ஒரு முழு நாள் விட்டுப் பாருங்கள். அதற்குள் பத்துப் பக்க ஃபேக்ஸை இருமுறையாவது அனுப்புங்கள். ஸ்லிப்போ சிஆர்சி பிழையோ ஏறினால், மோடத்தில் லூப் போடச் சொல்லி (நீங்கள் அனுப்பும் சிக்னல் அப்படியே திரும்பி வரும்) உங்கள் கேபிளையும் கார்டையும் தனியே சோதியுங்கள். லூப்பில் பிழை வராவிட்டால் குறை மோடத்துக்கு அப்பால், அல்லது கிளாக் அமைப்பில் இருக்கிறது; கிளாக்கை மீண்டும் ஒருமுறை பார்த்துவிட்டுப் புகாரைப் பதிவு செய்யுங்கள்.