பில் கவுன்டரில் காய்கறி எண்கள்: எதை மனப்பாடம் செய்வது, எதை விடுவது

பில் போடும்போது காய்கறி, பழங்களுக்கு அடிக்க வேண்டிய எண்களின் பட்டியலை முதல் வரியிலிருந்து உருப்போட வேண்டாம். ஆப்பிள், ஆரஞ்சு, அவகாடோவெல்லாம் பெரும்பாலும் ஸ்டிக்கரோடுதான் வரும்; எண் அதிலேயே இருக்கும், பார்த்து அடித்தால் போதும். வரிசையை நிறுத்துவது ஸ்டிக்கர் ஒட்ட வழியில்லாத பொருள்கள்: இஞ்சி, பூண்டு, பீன்ஸ், கட்டுக்கீரைகள், மிளகாய். மனப்பாடத்தை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

பிஎல்யு (PLU, விலையைத் தேடி எடுக்கும் எண்) எனப்படும் இந்த எண்கள் 1990 முதல் புழக்கத்தில் இருக்கின்றன. வழக்கமானவை நான்கு இலக்கம், 3000க்கும் 4999க்கும் இடையில் வரும். தனித்தனி இலக்கத்துக்கு அர்த்தம் தேடாதீர்கள். எந்த நாட்டில் விளைந்தது என்பதெல்லாம் அதில் கிடையாது. முன்னால் 9 சேர்ந்தால் ஆர்கானிக் என்பது மட்டும் உறுதி. வாழைப்பழம் 4011, ஆர்கானிக் வாழைப்பழம் 94011. ஆக, ஒன்றைப் படித்தால் இரண்டு கைக்கு வந்துவிடும். 8இல் தொடங்கினால் மரபணு மாற்றப்பட்டது என்று சுற்றுகிற செய்தியை விட்டுத்தள்ளுங்கள். கடைகளில் அந்த எண் அப்படிப் பயன்பட்டதே இல்லை.

அதிக உழைப்பில்லாமல் கிடைக்கும் லாபம் 4060 முதல் 4070 வரை உள்ள வரிசை. ப்ரோக்கோலி 4060, ஐஸ்பெர்க் லெட்யூஸ் 4061, வெள்ளரி 4062, தக்காளி சிறியது 4063, பெரியது 4064, பச்சைக் குடைமிளகாய் 4065, பீன்ஸ் 4066, சுக்கினி 4067, வெங்காயத்தாள் 4068, முட்டைக்கோஸ் 4069, செலரி 4070. பதினொன்றையும் ஒரே மூச்சில் வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பிறகு நடுவிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். வரிசையாக மட்டும் தெரிந்தால் கவுன்டரில் 4060இலிருந்து எண்ணிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

வம்பு செய்வது இரட்டையர்கள். கொத்தமல்லி 4889, பார்ஸ்லி 4899: பொருளும் ஒரே சாயல், எண்ணும் ஒரே சாயல். இலையைக் கசக்கி முகர்ந்துவிட்டு அடிப்பதுதான் பத்திரம். வெங்காயத்தாள் 4068, பூண்டு 4608: விரல் இடம் மாறினால் ஒன்று மற்றொன்றாகிவிடும். லைம் 4048, சிறிய ஹாஸ் அவகாடோ 4046; இங்கே கடைசி இலக்கம்தான் விலையைத் தீர்மானிக்கிறது. இப்படிப்பட்ட ஜோடிகளை ஒரே நாளில் படிக்கக் கூடாது. ஒன்று நன்றாகப் படிந்த பிறகு, சில நாள் கழித்து அடுத்ததை எடுங்கள்.

நான்கு இலக்க எண்ணில், தவறாக அடித்தால் காட்டிக்கொடுக்கும் சரிபார்ப்பு இலக்கம் எதுவும் கிடையாது. அதனால் தவறாக அடித்த எண்ணும் பல சமயம் வேறொரு பொருளாகச் சத்தமில்லாமல் பில்லில் ஏறிவிடும். அடித்ததும் திரையில் வரும் பெயரை ஒரு கணம் பார்த்துவிட்டு அடுத்த பொருளைத் தொடுங்கள். இந்த ஒரு பழக்கம் ஐம்பது எண்களை மனப்பாடம் செய்வதைவிட மேல்.

எண் கண்ணில் நிற்பதைவிட விரலில் நிற்க வேண்டும். பெரும்பாலான எண்கள் 4இல்தான் தொடங்குகின்றன. மீதி மூன்று இலக்கத்தையும் ஒரே அசைவாக அடித்துப் பழகுங்கள். இஞ்சி 4612 என்றால் '612' ஒரே அசைவு. வீட்டில் போனில் பயிற்சி செய்வதற்கு முன் கடை இயந்திரத்தின் கீபேடைப் பாருங்கள். போனில் மேல் வரிசை 1-2-3. கால்குலேட்டர் அமைப்பாக இருந்தால் மேலே 7-8-9 வரும், விரல் நேர் எதிராகப் பழகிப்போகும்.

நாளுக்கு ஐந்து எண் போதும். கடையில் எது அதிகம் போகிறதோ அதையே எடுங்கள். சீசன் மாறினால் பட்டியலும் மாறும். ஒரு சிறு சீட்டில் எழுதி வைத்து, பார்க்காமல் அடிக்க வந்ததைக் கோடிட்டு நீக்கிவிட்டுப் புதியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பெரியது, சிறியது என்று தனித்தனி எண் உள்ளவற்றில் (லெமன் சிறியது 4033, பெரியது 4053) ஊகித்து அடிக்காமல் ஸ்டிக்கரையோ அலமாரி விலைச்சீட்டையோ நம்புங்கள். ஸ்டிக்கர் எண்ணையே இயந்திரம் ஏற்கவில்லை என்றால், பெரும்பாலும் அந்த எண் கடையின் பட்டியலில் ஏற்றப்படவில்லை என்று பொருள். திரும்பத் திரும்ப அடித்துப் பயனில்லை. பெயரைத் தேடி எடுங்கள், அல்லது மேற்பார்வையாளரைக் கூப்பிடுங்கள். பக்கத்திலிருக்கும் ஏதோ ஒரு எண்ணில் போட்டால் விலையும் தவறும், சரக்குக் கணக்கும் தவறும்.