ஆலிம், உலமா: எங்கே எதை எழுதுவது?

சென்னை மண்ணடி அச்சகங்களுக்கு நிக்காஹ் அழைப்பிதழ்களையும் மீலாது விழா நோட்டீசுகளையும் பிழைதிருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அதில் நான் அடிக்கடி சுழிக்க நேரும் சொல் ‘உலமா’. ‘தலைசிறந்த உலமா ஒருவர் சிறப்புரை ஆற்றுவார்’ என்ற வரி பல கைகளைத் தாண்டி என் மேசைக்கு வந்துவிடுகிறது. அரபியில் ‘உலமா’ என்பது பன்மை; இஸ்லாமிய மார்க்க அறிஞர்கள் என்று பொருள். அதன் ஒருமை ‘ஆலிம்’. ஆகவே பேச வருபவர் ஒருவர் என்றால் ‘ஆலிம் ஒருவர்’ என்றும், பலர் என்றால் ‘உலமா’ அல்லது ‘உலமாக்கள்’ என்றும் எழுத வேண்டும்.

‘உலமாக்கள்’ என்பது பன்மைக்கு மேல் பன்மை அல்லவா என்று கேட்பவர்கள் உண்டு. இலக்கணக் கணக்குப்படி அது சரியான கேள்விதான். ஆனால் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகை முதல் அரசாணை வரை அந்த வடிவம் வேரூன்றிவிட்டதால் நான் அதைத் திருத்துவதில்லை. அமைப்பின் பெயருக்குள் அச்சொல் வரும்போது மட்டும் ‘கள்’ சேர்க்கக் கூடாது. ‘ஜமாஅத்துல் உலமா’ என்பதே ‘உலமாக்களின் கூட்டமைப்பு’ என்று பொருள்படும் அரபுத் தொடர்.

ஐன், லாம், மீம் என்ற மூன்று எழுத்துகள் சேர்ந்த வேரிலிருந்து இச்சொற்கள் பிறக்கின்றன. ‘இல்ம்’ என்றால் அறிவு, ‘ஆலிம்’ என்றால் அறிந்தவர், ‘முஅல்லிம்’ என்றால் கற்பிப்பவர். கப்பலுக்கு வழி அறிந்து சொல்பவனை நாம் ‘மாலுமி’ என்பதும் இந்த ‘முஅல்லிம்’ தமிழில் உருமாறியதுதான் என்பதைத் துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே வாழும் நம்மவர்கள் பலர் அறிந்திருப்பதில்லை. ‘உலூம்’ என்பது ‘இல்ம்’ என்பதன் பன்மை, அதாவது அறிவுத்துறைகள்; ‘தாருல் உலூம்’ என்ற மத்ரஸாவின் (மார்க்கக் கல்விக்கூடத்தின்) பெயரை ‘தாருல் உலமா’ என்று மாற்றிவிடுவது அடிக்கடி நேரும் பிழை.

குர்ஆனில் ‘உலமா’ என்ற சொல் இரண்டு இடங்களில் வருகிறது. அவற்றுள் 35ஆம் அத்தியாயத்தின் 28ஆம் வசனம், இறைவனின் அடியார்களில் அவனை அஞ்சுவோர் உலமாக்களே என்கிறது. அதற்கு முந்திய வரிகள் மழையையும் கனிகளையும் பல நிறத்து மலைகளையும் பேசுவதால், அங்கே அச்சொல்லுக்கு விரிந்த பொருள் கொள்ள இடமுண்டு. நம் வழக்கில் அது சுருங்கி, மத்ரஸாவில் அரபு இலக்கணம், தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கம்), ஹதீஸ் (நபிமொழி), ஃபிக்ஹ் (மார்க்கச் சட்டம்) ஆகியவற்றை ஆண்டுக்கணக்கில் ஓதி ‘ஸனது’ எனும் பட்டச் சான்று பெற்றவரையே குறிக்கிறது. ஓதி முடித்த பெண் ‘ஆலிமா’.

இங்கேதான் குழப்பம் மிகுதி. ஆலிம் என்பது கல்வியைக் குறிக்கும் பெயரே தவிர, பதவிப் பெயரன்று. தொழுகை நடத்துபவர் இமாம். பாங்கு சொல்பவர் மோதினார். குர்ஆனை மனனம் செய்தவர் ஹாஃபிழ். மார்க்கத் தீர்ப்பு வழங்கும் தகுதி பெற்றவர் முஃப்தி. ஒருவரே ஆலிமாகவும் ஹாஃபிழாகவும் இமாமாகவும் இருக்கலாம். ஆனால் ஹாஃபிழ் எல்லோரும் ஆலிம் அல்லர். செய்தித்தாள்கள் உலமாக்களை ‘முஸ்லிம் மதகுருமார்கள்’ என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை. இஸ்லாத்தில் குருப்பட்டச் சடங்கு கிடையாது. தொழவைக்கத் தெரிந்த சாதாரண வியாபாரியும் முன்னின்று தொழவைக்கலாம். ‘மார்க்க அறிஞர்கள்’ என்பதே நெருக்கமான தமிழ்.

2009இல் தமிழக அரசு அமைத்த நல வாரியத்தின் பெயர் ‘உலமாக்கள் மற்றும் பணியாளர்கள் நல வாரியம்’ என்பதைக் கவனியுங்கள். அந்த ‘மற்றும்’ தேவையானது. பள்ளிவாசல், தர்கா, மத்ரஸா முதலிய இடங்களில் வேலை செய்யும் ஆலிம் அல்லாதவர்களும் அந்த வாரியத்தில் அடங்குவர்; எனவே அதில் உறுப்பினராக இருப்பதாலேயே ஒருவரை ஆலிம் என்று எழுதிவிட முடியாது.

ஆலிமின் பெயருக்கு முன்னால் ‘மௌலவி’ என்றும், பின்னால் ஓதிய மத்ரஸாவைக் காட்டும் பட்டத்தையும் இடுவது இன்றைய வழக்கம். வேலூர் பாகியாத்தில் ஓதியவர் ‘பாகவி’. லால்பேட்டை மன்பவுல் அன்வாரில் ஓதியவர் ‘மன்பஈ’. உமராபாத்தில் ஓதியவர் ‘உமரி’. நமது பெரம்பூர் ஜமாலியாவில் ஓதியவர் ‘ஜமாலி’. இவற்றில் ‘மன்பஈ’ என்பதன் கடைசியில் தனித்து நிற்கும் ‘ஈ’, தமிழில் எழுத்தில்லாத ஐன் ஒலிக்காக நிற்பது. தொழிலுக்கு வந்த புதிதில் அதை எழுத்துப்பிழை என்று கருதி ‘மன்பி’ என்று திருத்திக் கொடுத்துவிட்டேன். அச்சான அட்டைகள் அத்தனையும் திரும்பி வந்தன. மறு அச்சுக்கான காகிதச் செலவு என் கூலியில் கழிந்தது. அன்றிலிருந்து பட்டப் பெயரைத் தொடுவதற்கு முன் வீட்டாரிடம் ஒருமுறை எழுத்துக்கூட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

பழைய தமிழ் வழக்கில் ‘ஆலிம்’ பெயருக்குப் பின்னால் வரும். 1898இல் மறைந்த கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் இதற்கு நல்ல சான்று. நேரில் பேசும்போது தென்மாவட்டத்துக்காரர்கள் ‘ஆலிம்சா’ என்பார்கள். இங்கே வடசென்னையில் ‘ஹஜ்ரத்’ என்றழைப்பதே பெருவழக்கு. ‘ஹஜ்ரத், நாளைக்கு நிக்காஹ்வுக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?’ என்று கேட்டால் போதும். ‘உலமா அவர்களே’ என்று ஒருவரை விளித்தால் அவர் தமக்குப் பின்னால் இன்னும் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்கக்கூடும்.