ரொறன்ரோவில் முதல் குளிர்காலமா? ஸ்கேற்றிங் போங்கள்

முதல் விண்டரில் வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கத்தான் மனம் சொல்லும். பிள்ளைகளோ பள்ளிக்கூடத்தில் கூட்டாளிமார் ஸ்கேற்றிங் போன கதையைக் கேட்டுவிட்டு வந்து நச்சரிப்பார்கள். கூட்டிக்கொண்டு போங்கள், நீங்களும் ஏறுங்கள். குளிர்காலத்தில் இந்த நகரம் சும்மா தருகிற பொழுதுபோக்குகளில் இதுதான் திறம்.

மாநகர சபையின் வெளி ஐஸ் தளங்கள் 50க்கு மேல் இருக்கின்றன. நவம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் இல்லை. சிற்றி ஹோல் முன்னால் உள்ள நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் ஸ்கேற்ஸ் வாடகைக்கும் எடுக்கலாம். படம் எடுக்க நல்ல இடம். ஆனால் சனி ஞாயிறில் சனம் நெரியும், பழகச் சரிவராது. ஸ்காபரோக்காரருக்கு டவுன் சென்டர் பக்கத்திலேயே அல்பேர்ட் கேம்பல் சதுக்கம் இருக்கிறது. கார்டினர் எக்ஸ்பிரஸ்வேயின் கீழே 2018இல் திறந்த பென்ட்வே ஸ்கேற்றிங் பாதையைக் கொஞ்சம் பழகிய பிறகு பாருங்கள்.

போகுமுன் நேர அட்டவணையைப் பாருங்கள். ‘லெஷர் ஸ்கேற்’ எல்லோருக்கும் உரிய நேரம். ‘ஷினி’ என்று போட்டிருந்தால் ஹொக்கி விளையாடுகிறவர்களின் நேரம்; அப்போது உள்ளே இறங்காதீர்கள்.

பிள்ளைகளுக்குப் புதுசு வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம், அடுத்த வருடம் கால் வளர்ந்துவிடும். பழைய சாமான் கடைகளில் நல்ல ஸ்கேற்ஸ் கிடைக்கும். வழமையான சப்பாத்து அளவைவிட ஒன்று, ஒன்றரை குறைவாகத்தான் பெரும்பாலும் பொருந்தும். ஸ்கேற்ஸின் அடியில் உள்ள இரும்பு அலகின் விளிம்பில் நகத்தை மெதுவாக வைத்து இழுத்துப் பாருங்கள். நகம் துளி சீவுப்படாவிட்டால் தீட்டக் கொடுக்க வேண்டும். மொட்டை அலகோடு இறங்கிவிட்டு, ‘எனக்கு இது வராது’ என்று திரும்பிப் போகிறவர்கள்தான் எத்தனை பேர்!

குளிருமென்று இரண்டு சோடி தடித்த மேசு போடாதீர்கள். இறுக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து விரல் இன்னும் விறைக்கும். மெல்லிய மேசு ஒன்று போதும். விரல் பக்கம் கயிறு கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். கணுக்காலடியில்தான் இழுத்துக் கட்ட வேண்டும். கட்டி எழும்பும்போது கணுக்கால் உள்ளுக்குச் சரிந்தால், இருந்து மறுபடி கட்டுங்கள்.

தலைக்கு ஹொக்கி ஹெல்மெற். சைக்கிள் ஹெல்மெற் ஒரு பெரிய அடிக்கென்று செய்தது. இங்கே பலமுறை விழ வேண்டியிருக்கும். முழங்காலை மடித்தே நில்லுங்கள். விழப்போகிறீர்கள் என்று தெரிந்தால் பக்கவாட்டில் சரியுங்கள். விழுந்ததும் விரல்களைப் பொத்திக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறவரின் அலகு ஏறிவிடும்.

குளங்களில் மட்டும் இறங்க வேண்டாம். சபையின் தளங்களில் கொங்கிறீற்றுக்குள் குழாய் ஓடி ஐஸை உறைய வைக்கிறது. கீழே ஆழத் தண்ணீர் இல்லை. குளத்தின் ஐஸ் ஓரிடத்தில் தடிப்பாகவும் இன்னோரிடத்தில் மெல்லிசாகவும் இருக்கும், மேலே பனி மூடினால் கண்ணுக்குத் தெரியாது. மழை பெய்து சூடான நாட்களில் தளங்களும் மூடப்படுவதுண்டு, மாநகர சபையின் தகவல் இலக்கமான 311க்கு அடித்துக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.