கிறிஸ்துமஸ் நிதி வில்லைப் போட்டிக்கு வரைவது எப்படி?

தொண்டு நிதி திரட்டப் பண்டிகைக் கால வில்லையோ (தபால்தலை போலவே இருக்கும் சிறிய ஒட்டுத்தாள்) தபால்தலையோ வெளியிடுபவர்கள், சில சமயம் ஓவியத்தைப் பொதுமக்களிடமே கேட்டுப் போட்டி வைப்பதுண்டு. நன்றாக வரையத் தெரிந்தவர்கள்கூட இதில் கோட்டை விடுவது பெரும்பாலும் அளவில்தான். ஏ4 தாளில் அட்டகாசமாக இருக்கும் படம், கடித உறையின் மூலைக்குப் போனதும் என்னவென்றே தெரியாமல் போய்விடும்.

படி 1: வில்லையா, தபால்தலையா?

அறிவிப்பில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். வில்லை என்பது உறையில் ஒட்டி அழகு பார்க்க மட்டும், தபால் கட்டணமாகச் செல்லாது. 1904இல் டென்மார்க்கில் ஐனர் ஹோல்பொல் என்ற தபால் ஊழியரின் யோசனையில் வந்தது அந்த வகை. காசநோய்க் குழந்தைகளுக்கு நிதி சேர்க்கத்தான் வெளியிட்டார்கள், முதல் ஆண்டிலேயே 40 லட்சத்துக்கு மேல் விற்றது. நம் பள்ளிகளில் சார் தலையில் கட்டிவிடும் காசநோய் வில்லையும் இதே வம்சம்தான்.

தபால்தலை என்றால் கதை வேறு. சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளில் தபால் கட்டணத்தோடு நன்கொடையையும் சேர்த்து ஒரே தலையாக விற்பார்கள். அதில் நாட்டின் பெயரும் இரண்டு தொகைகளும் வர வேண்டும். அதற்கு ஒரு மூலையை வெறுமையாக விட்டுவிடுங்கள்.

படி 2: விதிமுறை

கடைசித் தேதி, வயது வரம்பு, கையால் வரைவதா கணினியிலா என்பதை எல்லோரும் பார்ப்பார்கள். படத்தின் உரிமை யாருக்கு என்ற வரியையும் படியுங்கள். அதே படத்தைப் பிறகு வாழ்த்து அட்டையாக விற்கும் எண்ணம் இருந்தால் அந்த வரிதான் முக்கியம்.

படி 3: ஒரே உருவம்

பிரிட்டனின் முதல் கிறிஸ்துமஸ் தபால்தலைகள் 1966இல் வந்தன. இரண்டுமே போட்டியில் தேர்வான ஆறு வயதுக் குழந்தைகளின் ஓவியங்கள். தஸ்வீர் ஷெம்ஸா வரைந்தது ஒரு ராஜா, ஜேம்ஸ் பெரி வரைந்தது ஒரு பனிமனிதன். ஆளுக்கு ஒரே உருவம், அதுவும் பெரிதாக. நாமாக இருந்தால் மாட்டுத்தொழுவம், மூன்று ஞானிகள், நட்சத்திரம், பனி, மணி என்று எல்லாவற்றையும் அடைத்திருப்போம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள்.

படி 4: நான்கு மடங்கில் வரையுங்கள்

போட்டிக்காரர்கள் அளவு சொல்லியிருந்தால் அதுவே இறுதி. சொல்லாவிட்டால் 39 × 29 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மடங்கு என்றால் 156 × 116, ஏ4 தாளில் சௌகரியமாக அடங்கும். இதில் 1 மி.மீ. கோடு அச்சில் கால் மி.மீ. ஆகிவிடும். ஆகவே மெல்லிய பேனா வேண்டாம். எழுத்து 6 மி.மீ. உயரத்துக்குக் குறைய வேண்டாம். ஓரத்தில் துளை போடும்போது சற்று நகரக்கூடும், முக்கியமான எதையும் விளிம்பை ஒட்டி வைக்காதீர்கள்.

படி 5: வாசகமும் சின்னமும்

அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் 1907இல் ஒரு சிறிய காசநோய் மருத்துவமனையைக் காப்பாற்ற 300 டாலர் தேவைப்பட்டது. எமிலி பிஸல் ஒரு வில்லை வரைந்து, ஒரு சென்ட் விலையில் விற்று, ஏறத்தாழ 3,000 டாலர் சேர்த்தார். முதலில் அதில் கிறிஸ்துமஸ் வாழ்த்து மட்டும் இருந்தது. மறுபதிப்பில் புத்தாண்டு வாழ்த்தையும் சேர்த்தார்கள். டிசம்பர் 25 போன பிறகும் ஒட்டலாம் அல்லவா! எனவே வருடத்தையும் வாழ்த்தையும் யோசித்து எழுதுங்கள். இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் போனால் யாரும் படிக்க மாட்டார்கள்.

அவர் வில்லையில் செஞ்சிலுவைச் சின்னம் உண்டு, ஆனால் அந்தச் சங்கத்தின் அனுமதியோடு. உடல்நலம் என்றாலே நம் கை தானாகச் செஞ்சிலுவை போடும். போடாதீர்கள், அது சட்டப் பாதுகாப்புள்ள சின்னம்.

படி 6: ஜெராக்ஸ் கடை

வண்ணம் தீட்டுவதற்கு முன் ஒருமுறை, தீட்டிய பின் ஒருமுறை, 25 சதவீதத்துக்குக் குறைத்துக் கறுப்பு வெள்ளையில் ஒரு பிரதி எடுங்கள். பல இயந்திரங்கள் அந்த அளவு வரை குறைக்கும், நான்கு மடங்கு என்று சொன்னதும் அதற்காகத்தான். வெட்டி ஒரு உறையில் ஒட்டி, கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள்.

கிறிஸ்துமஸ் படங்களுக்கு இது தனியாகவே உதவும். சிவப்புப் பழமும் பச்சை இலையும் வண்ணத்தில் பளிச்சென்று இருக்கும், ஜெராக்ஸில் இரண்டும் ஒரே சாம்பலாகிவிடும். அப்படி ஆனால் இலையை இருட்டாக்குங்கள், அல்லது பழத்தைச் சுற்றி வெள்ளை விடுங்கள். அப்புறம், வீட்டில் படத்தைப் பார்க்காத ஒருவரிடம் காட்டி “இது என்ன?” என்று மட்டும் கேளுங்கள். இரண்டு நொடிக்குள் பதில் வரவில்லையென்றால் படி 3க்குத் திரும்ப வேண்டியதுதான்.

படி 7: அனுப்புவது

ஸ்கேன் செய்வதானால் 600 டிபிஐ துல்லியத்தில் செய்யுங்கள் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), மொபைலில் எடுத்த போட்டோ வேண்டாம். அசலை அனுப்பச் சொன்னால் மடிக்காமல் இரு அட்டைகளுக்கு நடுவே வைத்து அனுப்புங்கள். பெயரையும் முகவரியையும், விதியில் வேறு மாதிரி சொல்லாவிட்டால், பின்பக்கம் பென்சிலில் லேசாக எழுதுங்கள். பேனாவை அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும்.