அம்மாவின் மறதிக்கு வயதுதான் காரணமா? முதலில் பார்க்க வேண்டியவை

திருநெல்வேலியில் ஒரு மருந்துக் கடையில் 14 வருடமாக மருந்தாளுநராக இருக்கிறேன். சர்க்கரை மாத்திரை வாங்க வருபவர்களிடம் "சாப்பிட்டுட்டுப் போடுங்க" என்று ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது தடவை சொல்வேன். அதே மாத்திரையை 11 வருடமாகப் போட்டுவந்த என் அம்மா கொஞ்சம் கொஞ்சமாக ஒடுங்கிப்போனதைக் கண்டுகொள்ள எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. உங்கள் வீட்டில் அறுபதைத் தாண்டிய ஒருவர் பேச்சைக் குறைத்துக்கொண்டால், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுந்தால், தெரிந்த பெயர்களைத் தேடித் தடுமாறினால், "வயசாயிட்டு" என்று விட்டுவிடாதீர்கள். என்ன செய்யலாம் என்று நான் கற்றுக்கொண்ட வரிசையிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். ஒரு நோட்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு அப்போது 66. தினமும் 15 புள்ளிக் கோலம் போட்டவள் ஏழு புள்ளிக்கு வந்தாள். அப்புறம் அதிலும் இழை மாறிப்போய், அழித்து அழித்துப் போட்டாள். ஒருநாள் தண்ணீர் தெளித்ததோடு உள்ளே வந்துவிட்டாள். மனச்சோர்வு என்றுதான் நான் நினைத்தேன். ஆனால் குளியலறையில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் வழி காட்டியது. முகத்துக்குச் சோப்புப் போடும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் என்று கேட்டேன். "கண்ண மூடுனா தள்ளுது ஏட்டி. கால் ரெண்டும் பஞ்சுல நிக்க மாதிரி இருக்கு" என்றாள்.

இது முக்கியமான அறிகுறி. கண்ணை மூடியதும், பாதத்திலிருந்து நரம்பு வழியாக வரும் தகவலை நம்பித்தான் உடம்பு நேராக நிற்கிறது. அந்த நரம்பில் பழுது இருந்தாலும், கண் திறந்திருக்கும்வரை சமாளித்துவிடலாம். மூடினாலோ, இருட்டில் நடந்தாலோதான் தெரியவரும். கூடவே பாதத்தில் மதமதப்பு, நாக்கு சிவந்து வழவழப்பாவது, காரம் பட்டால் எரிவது, மாடி ஏறினால் களைப்பு, இவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

அடுத்தது மாத்திரைப் பை. வீட்டில் இருக்கும் அட்டைகளை எல்லாம் மேசையில் பரப்பி, எது எத்தனை வருடமாக ஓடுகிறது என்று பாருங்கள். அம்மாவிடம் இரண்டு இருந்தன. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிற்றெரிச்சலுக்குப் பான்டோபிரசோல். சாப்பாட்டிலிருந்து பி12 வைட்டமினைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும். பான்டோபிரசோல் அதைக் குறைக்கிறது. பிரிந்த பி12 சிறுகுடலின் கடைசிப் பகுதியில்தான் ரத்தத்தில் சேர வேண்டும். வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் எடுப்பவர்களில் பலருக்கு அது சரியாக நடப்பதில்லை. போதாததற்கு எங்கள் வீடு சுத்த சைவம், சாப்பாட்டில் பி12 வருவதே குறைவு. கல்லீரலில் சில வருடங்களுக்கான இருப்பு இருக்கும் என்பதால், குறை உடனே வெளியே தெரியாது. இருப்பு தீரும்போது வயதும் ஆகியிருக்கும், பழி வயதின் மேல் போய்விடும்.

தயவுசெய்து மாத்திரைகளை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெட்ஃபார்மின் நல்ல மருந்து, அம்மா இன்றும் அதைத்தான் எடுக்கிறாள்.

பி12 குறைந்தால் மனசு ஏன் வாடுகிறது? நரம்பைச் சுற்றி மயலின் என்ற கொழுப்புறை இருக்கிறது. வயருக்கு மேல் ரப்பர் இருப்பதுபோல. அதைப் பராமரிக்க பி12 வேண்டும். செரோடோனின், டோபமைன் போல மனநிலையோடு தொடர்புள்ள ரசாயனங்களை மூளை சரிவரக் கையாளவும் ஃபோலேட் என்ற இன்னொரு பி வைட்டமினும் பி12-உம் சேர்ந்து இயங்க வேண்டும். அதனால்தான் கால் மரப்பதும், மறதியும், காரணமில்லாத அழுகையும் ஒரே ஆளிடம் சேர்ந்து வருகின்றன.

இப்போது பரிசோதனை. சத்து மாத்திரை எதுவும் தொடங்குவதற்கு முன்பே ரத்தம் கொடுத்துவிடுங்கள். கடையில் தினமும் பார்க்கிறேன்: "அம்மாவுக்குச் சோர்வா இருக்கு, பி காம்ப்ளக்ஸ் ஒரு அட்டை கொடுங்க" என்று வாங்கிப் போய் பத்து நாள் கொடுத்துவிட்டு, பிறகு லேபுக்குப் போகிறார்கள். அதற்குள் ரத்தத்தில் அளவு ஏறி, ரிப்போர்ட் சரியாகக் காட்டிவிடும். டாக்டரிடம் பி12-ஓடு தைராய்டுக்கான டிஎஸ்ஹெச், ரத்த அணுக்கள், சோடியம், மூன்று மாதச் சர்க்கரை இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். தைராய்டு குறைந்தாலும் இதே மந்தம் வரும். பி12 பொதுவாக ஒரு மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழ் போனால் குறைபாடு என்பார்கள். 200-லிருந்து 300 வரை சந்தேகத்துக்குரிய இடம். அம்மாவுக்கு 138. ஹீமோகுளோபின் நன்றாகவே இருந்தது. ரத்தசோகை இல்லாமலும் பி12 குறையலாம் என்பது பலருக்குத் தெரியாது. ஃபோலிக் அமிலம் (மாத்திரையில் வரும் ஃபோலேட்) மட்டும் கொடுப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. ரத்தசோகை சரியானதுபோல் தோன்றும், நரம்பு உள்ளுக்குள் கெட்டுக்கொண்டே இருக்கும்.

முதலில் பார்த்த டாக்டர் வயதைச் சொல்லித் தூக்க மாத்திரை எழுதியிருந்தார். ரிப்போர்ட்டோடு வேறொருவரிடம் போனோம். பி12 ஊசி போட்டார். பழுப்புக் கண்ணாடிக் குப்பிக்குள் மாதுளைச் சாறு நிறத்தில் இருக்கும் அந்த மருந்து. வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் பழுப்புக் குப்பி. பி12-ன் நடுவில் ஒரு கோபால்ட் அணு உட்கார்ந்திருக்கிறது. அந்த அமைப்பை எக்ஸ்ரே மூலம் கண்டறிந்த டோரதி ஹாட்ஜ்கினுக்கு 1964-இல் நோபல் கிடைத்தது. படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த பெயர். அம்மா கையில் அந்தச் சிவப்பு இறங்கியபோது நினைவுக்கு வந்தது.

முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. அளவை டாக்டர்தான் முடிவு செய்வார். மூன்றாவது வாரம், "சித்தி ஏன் போனே பண்ணல?" என்று அம்மாவாகவே கேட்டாள். மனசு முதலில் தெளிந்தது. மதமதப்பு குறைய மாதங்கள் ஆயின. நடையில் கொஞ்சம் தள்ளாட்டம் இன்னும் இருக்கிறது. சீக்கிரம் பிடித்திருந்தால் அதுவும் போயிருக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். பி12 பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி இவற்றில்தான் உண்டு. முருங்கைக்கீரையில் கிடையாது. பழைய சோற்று நீராகாரத்தை நம்பியும் இருக்கக் கூடாது. ஸ்பைருலினா மாத்திரையில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வகை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2.4 மைக்ரோகிராம் போதும். ஆனால் எங்கள் வீட்டில் "தினமும் தயிர் சேர்க்கிறோமே" என்றது உண்மையில் ஒரு கரண்டித் தயிரில் இரண்டு சொம்புத் தண்ணீர் விட்ட மோர். இப்போது காலையும் இரவும் ஒரு தம்ளர் பால், மதியம் கெட்டித் தயிர். முட்டையை அம்மா தொட மாட்டாள், நானும் கட்டாயப்படுத்தவில்லை. சாப்பிடுபவர்கள் தாராளமாகச் சேருங்கள்.

இட்லி, சோறு, மறுபடி இட்லி என்றிருந்த தட்டில் சுண்டல், பயறு, ஒரு கைப்பிடி நிலக்கடலை, இரண்டு வகைக் காய் என்று மாற்றினோம். 2017-இல் ஆஸ்திரேலியாவில் மனச்சோர்வு உள்ள 67 பேரிடம் 12 வாரம் ஒரு ஆய்வு நடந்தது. உணவை இப்படிப் பருப்பு, காய், மீன், கொட்டை என்று மாற்றியவர்களில் 32 சதவீதம் பேர் மனச்சோர்வின் பிடியிலிருந்து வெளியே வந்தார்கள். பேச்சுத்துணை மட்டும் கிடைத்தவர்களில் 8 சதவீதம். சின்ன ஆய்வுதான், பலர் ஏற்கெனவே சிகிச்சையிலும் இருந்தவர்கள். இருந்தாலும் தட்டை மாற்ற எனக்கு அது போதுமான காரணம்.

வெள்ளிக்கிழமை விரதத்தையும் சொல்ல வேண்டும். உடம்பின் எடையில் 2 சதவீதம்தான் மூளை. ஆனால் சக்தியில் 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சர்க்கரை மாத்திரையில் கிளிமிபிரைடு என்ற மருந்து சேர்ந்திருந்தால், பட்டினி கிடக்கும்போது சர்க்கரை சட்டென்று இறங்கி நடுக்கம், கோபம், குழப்பம் எல்லாம் வரும். விரதம் இருப்பதை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தூக்கத்துக்கு நாங்கள் செய்தது இரண்டே காரியம். சாயங்காலம் ஆறு மணிக் காப்பியை மதியம் இரண்டுக்கு மாற்றினோம். விழித்திருக்கும்போது மூளையில் அடினோசின் என்ற ரசாயனம் சேர்ந்து தூக்கத்தைக் கூட்டும். காப்பி அதை மறைக்கும். காப்பியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். இன்னொன்று, காலை ஆறரைக்கு வாசல் திண்ணையில் அரை மணி நேரம். காலை வெளிச்சம் கண்ணில் பட்டால் மூளையின் கடிகாரம் சரியாகி, இரவு மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் நேரத்துக்குச் சுரக்கும். பூத்தொடுப்பதைத் திண்ணையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். பக்கத்து வீட்டு ஆச்சியும் வந்து உட்கார்ந்துகொண்டாள். நடையும் அவளோடுதான், கோயில் வரை போய்வருகிறார்கள்.

எல்லாவற்றையும் இப்படிப் பொறுமையாகப் பார்க்க முடியாது. ஒரே நாளில் குழப்பம் வந்தால், வாய் கோணினால், பேச்சு குழறினால் உடனே ஆஸ்பத்திரி. ஊசிக்கு முந்தைய மாதங்களில் ஒரு ராத்திரி அம்மா, "நான் இருந்து யாருக்கு என்ன ஆகப்போவுது" என்றாள். பயத்தில் பேச்சை மாற்றிவிட்டேன். அப்படிச் செய்யாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் கூடவே இருங்கள், டாக்டரிடம் கூட்டிப்போங்கள். அந்த ராத்திரியே யாரிடமாவது பேச வேண்டுமென்றால், அரசின் மனநல உதவி எண் (டெலி மானஸ்) 14416. காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.