முன்விடுதலை மனுவா? முதலில் முகவரியைச் சரிபாருங்கள்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். கோவை மத்திய சிறையில் மகனோ தம்பியோ ஆயுள் தண்டனையில் இருந்தால், தண்டனை முடியும் முன்பே அவரை விடச் சொல்லி மனு எழுத வருகிறவர்கள் முதலில் சொல்வது "ஜனாதிபதிக்கே எழுதிடுங்க சார்" என்பதுதான். வேண்டாம். சாதாரணக் கொலை வழக்கு மாநில அதிகாரத்தில் வருகிறது. அரசியல் சாசனத்தின் 161-ஆவது பிரிவுப்படி ஆளுநர் கையெழுத்துப் போட வேண்டும், அதுவும் அமைச்சரவை சொல்கிறபடி. குடியரசுத் தலைவரின் 72-ஆவது பிரிவு தூக்குத் தண்டனைக்கும், மத்திய அதிகாரத்தில் வரும் குற்றங்களுக்கும், ராணுவ நீதிமன்றத் தண்டனைக்கும் (வெலிங்டன் ராணுவ முகாம்காரர்கள் கவனிக்க).

ஆகவே சிறைக் கண்காணிப்பாளர் வழியாக உள்துறைச் செயலாளருக்கு எழுதுங்கள். வழக்கு எண், தீர்ப்புத் தேதி, உள்ளே கழித்த வருடங்கள், உடம்புக்கு என்ன, பரோலில் வந்து சொன்ன நாளில் திரும்பினாரா, இவ்வளவு போதும். "அவன் கொலையே செய்யவில்லை" என்று பழைய வழக்கை மறுபடி நடத்தாதீர்கள். வெளியே வந்தால் எங்கே தங்குவார் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், ஏனென்றால் நன்னடத்தை அலுவலர் நேரில் விசாரிக்க வருவார், நீங்கள் வேறு எஸ்டேட் லைன் வீட்டுக்கு மாறிவிட்டு பழைய முகவரியைக் கொடுத்திருந்தால் "அங்கே யாரும் இல்லை" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்.

கொலைக்கு ஆயுள் என்றால் சட்டப்படி 14 வருடம் உள்ளே இருந்தாக வேண்டும். 161-க்கு அந்தத் தடை கிடையாது. 2018-இல் எம்ஜிஆர் நூற்றாண்டு என்று 10 வருடம் முடித்தவர்களை விட்டது அந்தப் பிரிவை வைத்துத்தான். அப்படி அரசாணை வந்தால் முதலில் யார் யாருக்குக் கிடையாது என்கிற பக்கத்தைப் படியுங்கள்.

அப்புறம், கட்சிக்காரர் பரிந்துரைக் கடிதம். வைக்காதீர்கள். அதே 2018 செப்டம்பரில் ராஜீவ் வழக்கின் ஏழு பேரை விடச் சொல்லி அமைச்சரவை அனுப்பிய கோப்பு ஆளுநர் மாளிகையில் இரண்டு வருடத்துக்கு மேல் கிடந்து டெல்லிக்குப் போனது, கடைசியில் 2022-இல் உச்ச நீதிமன்றம்தான் விட்டது. ஆனால் தர்மபுரியில் மூன்று மாணவிகளை பஸ்ஸோடு எரித்த வழக்கில் அப்போதைய ஆளுங்கட்சியான அதிமுகவினர் மூவர் 2018 நவம்பரிலேயே வெளியே வந்துவிட்டார்கள். ஊரே கேட்டது, அவர்களுக்கு மட்டும் எப்படி என்று. அந்தக் கேள்வி உங்கள் பிள்ளையின் கோப்பில் ஒட்ட வேண்டாம்.

மனுவை நகல் எடுத்து, ஸ்பீட் போஸ்டில் பதிவு வசதி கேட்டு அனுப்புங்கள். மூன்று மாதம் சத்தமே இல்லையா, 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்பு ஒட்டி, மனு இப்போது யார் மேஜையில் இருக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.